கடல்வாயில் தமிழனது, திறவுகோல் தில்லியது!

ஒரு வீட்டின் வாயிலைக் காப்பதில் மூன்று பொறுப்புகள் உள்ளன. வருபவனை உள்ளே விடுவதா, நிறுத்துவதா என்று முடிவு செய்தல் ஒன்று. முடிவு பிழைத்தால் வரும் கேட்டைத் தாங்குதல் மற்றொன்று. காவலுக்கு ஆகும் செலவையும் காத்திருப்பால் வரும் இழப்பையும் ஏற்றல் மூன்றாவது. இம் மூன்றும் ஒரே கையில் உள்ள வீட்டில் காவலும் செவ்வையாக நடக்கும். விருந்தும் வாயிலில் வாடி நில்லாது. முடிவு செய்பவன் ஒருவன், கேட்டைத் தாங்குபவன் வேறொருவன், செலவைச் சுமப்பவன் இன்னொருவன் என்று அவை பிரிந்து கிடக்கும் வீட்டிலோ, திறக்க வேண்டிய பொழுதில் கதவு பூட்டிக் கிடக்கும். பூட்ட வேண்டிய பொழுதில் திறந்து கிடக்கும். தமிழகத்தின் கடல்வாயில்கள் இற்றை நாளில் அந்த இரண்டாம் நிலையில்தான் உள்ளன.

சென்னையிலும் எண்ணூரிலும் தூத்துக்குடியிலும் வந்திறங்கும் சரக்குப் பெட்டகங்களைத் திறந்து பார்ப்பதா, ஊடுகதிரால் பார்ப்பதா, பாராமலே விடுவதா என்பது ஏதோ அலுவலகத்துச் சிறு நடைமுறை என்று பலர் எண்ணியிருக்கின்றனர். அவ்வாறன்று. அது வடசென்னை மக்களின் உயிரையும், திருப்பூர்த் தொழிலாளியின் கூலியையும், ஒரு நாட்டினத்தின் உரிமையையும் ஒருங்கே தொடுகின்ற வினா.

புலிப்பொறியும் இரும்புப் பேழையும்

கடல் வணிகமும் அதனைக் கண்காணிக்கும் முறையும் தமிழனுக்குப் புதியன அல்ல. காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் இறங்கிய பொருளையும் ஏறிய பொருளையும் அளந்து, சோழனின் புலிப்பொறி இட்டு, சோர்வறியாத காவலர் உல்கு தண்டிய செய்தியைப் பட்டினப்பாலை விரித்துரைக்கின்றது. 'உல்கு' என்னும் அந்தப் பழஞ்சொல் திருக்குறளிலும் உள்ளது. பிற்காலத்தில் முதற் குலோத்துங்கன் 'சுங்கந் தவிர்த்தவன்' என்னும் பெயரே பெற்றான். பொருளைப் பார்ப்பதும், பொறியிடுவதும், வரி தண்டுவதும், வேண்டாதவிடத்து அதனை நீக்குவதும் அத் துறையை ஆண்ட அரசின் கையிலேயே இருந்தன. துறையில் தீங்கு நேர்ந்தால் தாங்க வேண்டியதும் அவ்வரசே. அதனால்தான் காவலர்க்குச் சோர்வு வரவில்லை.

அற்றைப் பொதி கண்ணுக்குத் தெரிந்த பொதி. இற்றைச் சரக்கு பூட்டிய இரும்புப் பேழை. 1956 ஏப்பிரலில் அமெரிக்கரான மால்கம் மெக்லீன் 58 பெட்டகங்களை ஒரே கப்பலில் ஏற்றி அனுப்பினார். அன்று தொடங்கி உலக வணிகத்தின் போக்கே மாறிற்று. மூட்டை மூட்டையாகத் தோளில் சுமந்த வேலை, பாரந்தூக்கி ஒருமுறை தூக்கி வைப்பதில் முடிந்தது. சென்னைத் துறைமுகத்தில் 1983இல் பெட்டக முனையம் அமைந்தது. 2001இல் அது தனியார் கைக்குப் போயிற்று. பெட்டகத்தின் பயன், அதனை வழியில் எங்கும் திறக்க வேண்டாமை. அதன் இடரும் அதுவே. உள்ளே இருப்பது ஆவணத்தில் எழுதிய பொருள்தானா என்பது, திறக்கும்வரை, எழுதியவனுக்கு மட்டுமே தெரியும்.

எல்லாவற்றையும் திற என்பார்

சென்னைத் துறைமுகம் ஓராண்டில் கையாளும் பெட்டகங்கள், இருபதடிப் பெட்டகக் கணக்கில், ஏறத்தாழ 15 இலக்கம். அஃதாவது நாளொன்றுக்கு நாலாயிரம். ஏற்றுமதியையும் வெற்றுப் பெட்டகங்களையும் கழித்தாலும் மிஞ்சுவது சிறு தொகையன்று. ஒரு பெட்டகத்தை ஊடுகதிர்க் கருவியில் செலுத்திப் பார்க்கச் சில மணித்துளிகள் போதும். ஆனால் அந்தப் படத்தைப் பார்த்துப் பொருள்கொள்ளப் பயின்ற கண் வேண்டும். கதவைத் திறந்து, சரக்கு முழுவதையும் வெளியே இறக்கி, எண்ணி, மீண்டும் அடுக்கிப் பூட்டுவதற்கோ பல மணி நேரமும், ஆட்கூலியும், விரிந்த இடமும் வேண்டும். எல்லாப் பெட்டகங்களையும் இவ்வாறு இறக்கத் தொடங்கினால், ஏற்கெனவே சரக்குந்து நெரிசலுக்குப் பெயர்போன எண்ணூர்ச் சாலை ஒரு கிழமைக்குள் அசைவற்றுப் போகும்.

உலக வல்லரசென்று தருக்கும் அமெரிக்காவே இதில் தோற்றது. 2001 செபுதம்பர்த் தாக்குதலுக்குப் பின் அஞ்சிய அந் நாடு, தனக்கு வரும் பெட்டகங்களை அயல்நாட்டுத் துறைகளிலேயே பார்ப்பதற்குத் தன் சுங்க அலுவலரை அமர்த்தும் திட்டத்தை 2002இல் தொடங்கிற்று. கொழும்புத் துறைமுகமும் பின்னர் அதில் சேர்ந்தது. 2007இல் அமெரிக்கா இயற்றிய சட்டம் இன்னும் ஒருபடி மேலே சென்றது. தன் நாட்டுக்கு வரும் பெட்டகங்கள் நூற்றுக்கு நூறும் ஏற்றும் துறையிலேயே கருவியால் பார்க்கப்பட வேண்டும். 2012 சூலைக்குள் இது நிறைவேற வேண்டும் என்றது. பாக்கித்தானின் காசிம், ஒண்டுராசின் புவெர்த்தோ கோர்த்தெசு, இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் ஆகிய துறைகளில் முதலில் செய்து பார்த்தனர். சரக்குக் குறைந்த துறையில் ஓரளவு முடிந்தது; கப்பல் விட்டுக் கப்பல் மாறும் பெருந்துறைகளுக்கு அம் முறை ஒத்துவரவில்லை. 2012இல் காலக்கெடு நீட்டப்பட்டது. பின்னும் பன்முறை நீட்டப்பட்டது. சட்டம் ஏட்டிலேயே கிடக்கின்றது.

இதில் தமிழர் எண்ணத்தக்க ஒன்று உண்டு. அச் சட்டம் தேடியது அமெரிக்காவின் காப்பை. கருவிக்கும் ஆளுக்கும் இடத்துக்கும் ஆகும் செலவையோ பெரிதும் பிற நாட்டுத் துறைகளின் தலையில் ஏற்றப் பார்த்தது. முடிவு ஒருவனது, சுமை இன்னொருவனது! அது நிறைவேறாமல் போனதற்கு இதுவும் ஒரு கரணியம்.

ஒன்றையும் திறவாதே என்பார்

மறுபுறத்தில், 'காலத்தாழ்ச்சியே வணிகத்தின் சாவு. கதவைத் திறந்து விடுங்கள்' என்று பெருவணிகர் கூவுகின்றனர். அதற்கு நிகழ்ச்சிகளே விடை கூறும்.

2021 ஏப்பிரலில் தூத்துக்குடித் துறையில், மரத்தடிகள் ஏற்றி வந்த பெட்டகத்தில் 300 கிலோவுக்கு மேற்பட்ட கொக்கேன் பிடிபட்டது. பனாமாவில் ஏறி, பெல்சியத்தின் ஆண்டுவெர்ப்பையும் கொழும்பையும் கடந்து வந்த சரக்கு அது. அதே ஆண்டு செபுதம்பரில், குசராத்தின் முந்திராத் தனியார் துறைமுகத்தில், மாக்கல் என்று ஆவணத்தில் எழுதி வந்த இரண்டு பெட்டகங்களில் 2,988 கிலோ எரோயின் இருந்தது. ஆப்கானித்தானத்திலிருந்து ஈரான் வழியாக வந்த நஞ்சு அது. பாராமல் விட்டிருந்தால் இவை எத்தனை இளைஞரின் வாழ்வைக் குடித்திருக்கும்!

ஆனால் இவை அகப்பட்ட முறையையும் நோக்க வேண்டும். எல்லாப் பெட்டகங்களையும் திறந்து வந்ததால் இவை அகப்படவில்லை. முன்கூட்டியே உளவறிந்து, 'இந்தப் பெட்டகம்' என்று குறிவைத்துத் திறந்ததால் அகப்பட்டன. காப்பு என்பது திறந்த கதவுகளின் எண்ணிக்கையில் இல்லை. எந்தக் கதவைத் திறப்பது என்னும் அறிவில் உள்ளது.

அந்த அறிவு சொன்ன பின்னும் திறவாமல் விடுவது எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதற்குக் கொழும்பு எடுத்துக்காட்டு. 2025 சனவரியில் அங்கே துறைமுக நெரிசல் முற்றியபோது, திறந்து பார்க்க வேண்டும் என்று குறிக்கப்பட்டிருந்த 323 பெட்டகங்கள் திறந்து பாராமலே விடுவிக்கப்பட்டன. உள்ளே என்ன இருந்தது என்று எதிர்க்கட்சியினர் கேட்டனர். உசாவல் குழு அமைந்தது. பல திங்கள் அந் நாட்டின் அரசியலை அது கலக்கிற்று. பெட்டகம் வெளியே போன பின் அமைக்கும் குழுவால் பயன் என்ன? தூத்துக்குடியின் சரக்கிற் பெரும்பகுதி கொழும்பில் கப்பல் மாறுவது. ஆகவே கொழும்புக் காவலின் ஓட்டை தமிழகத்துக்கும் ஓட்டையே.

மணலி கற்பித்த பாடம்

திறப்பதா, விடுவதா என்பதோடு வினா முடிவதில்லை. பிடித்த பொருளை என்ன செய்வது என்பது அதனினும் பெரிய வினா. அதனைத் தமிழகம் மணலியில் கற்றது.

2015இல் தென்கொரியாவிலிருந்து சென்னைக்கு வந்த 37 பெட்டகங்களில் ஏறத்தாழ 740 டன் அம்மோனியம் நைட்ரேட்டு இருந்தது. அது உரமாகவும் பயன்படும். பாறையைப் பிளக்கும் வெடிபொருளாகவும் பயன்படும். இறக்குமதி செய்தவரிடம் முறையான உரிமம் இல்லையென்று சுங்கத்துறை அதனைக் கைப்பற்றிற்று. அதுவரை நடந்தது செவ்வையான வேலை. கைப்பற்றியபின் மணலியில் ஒரு பெட்டக நிலையத்தில் அடுக்கி வைத்தனர். வழக்கு நடந்தது, ஆண்டுகள் உருண்டன. 2015 இறுதியில் வந்த பெருவெள்ளத்தில் ஒரு பகுதி கெட்டது. எஞ்சியது அங்கேயே கிடந்தது. எண்ணெய்த் துப்புரவாலையும் உரத் தொழிற்சாலையும் நெருங்கி நிற்கும் இடம் மணலி. உழைக்கும் மக்கள் அடர்ந்து வாழும் இடம் வடசென்னை.

2020 ஆகசுடு 4ஆம் நாள் லெபனான் நாட்டின் பெய்ரூத்துத் துறைமுகம் வெடித்தது. அங்கும் இதே பொருள்தான். 2013இல் ஒரு கப்பலில் வந்து, தடுத்து வைக்கப்பட்டு, 2014 முதல் துறைமுகக் கிடங்கில் கிடந்த 2,750 டன். அதனை அகற்றுமாறு சுங்க அலுவலர் அறமன்றத்துக்கு மடல்மேல் மடல் எழுதியிருந்தனர். முடிவெடுக்க வேண்டியவர் எடுக்கவில்லை. 200க்கு மேற்பட்டோர் மாண்டனர், பல்லாயிரவர் புண்பட்டனர், ஏறத்தாழ 3 இலக்கம் பேர் வீடிழந்தனர்.

பெய்ரூத்து வெடித்த பின்னரே தில்லிக்கு மணலி நினைவு வந்தது! ஐந்தாண்டு அசையாத பெட்டகங்கள் சில நாள்களில் அசைந்தன. ஏலத்தில் எடுத்தவரிடம் ஐதராபாத்துக்குப் புறப்பட்டன. மணலி மக்களிற் பெரும்பாலோர் தம் அருகில் என்ன இருந்தது என்பதையே செய்தித்தாள் கண்டுதான் அறிந்தனர். 2021இல் அம்மோனியம் நைட்ரேட்டு விதிகள் திருத்தப்பட்டன. கைப்பற்றிய சரக்கை விரைந்து அகற்றவும், துறைமுகத்திலிருந்து விலக்கி வைக்கவும் வழி செய்யப்பட்டது. நல்லதே. ஆனால் மணலி மக்களின் உயிருக்கு ஒரு விதி பிறப்பதற்கு லெபனானில் 200 பேர் சாக வேண்டியிருந்தது என்பதை எவர் மறுப்பார்? வெடிபொருள் நடுவணரசின் பட்டியலில் உள்ளது. சுங்கம் நடுவணரசின் பட்டியலில் உள்ளது. பெருந்துறைமுகம் நடுவணரசின் பட்டியலில் உள்ளது. வெடித்திருந்தால் சிதறும் உடல் மட்டும் தமிழன் பட்டியலில் உள்ளது.

காத்திருப்பின் கூலி

காலத்தாழ்ச்சியின் செலவு எவர் தலையில் விழுகின்றது என்பதையும் நோக்க வேண்டும். ஒரு பெட்டகம் பார்வைக்கென்று நிறுத்தப்பட்டால், அதனை இடம் மாற்றும் கூலி, இறக்கி ஏற்றும் கூலி, பெட்டக நிலையத்தின் வாடகை, துறைமுகத்தார் 'டெமரேசு' என்னும் தேக்கக் கூலி, பெட்டகத்தைக் காலத்தில் திருப்பித் தராமைக்குக் கப்பல் நிறுவனம் கேட்கும் தண்டம் என்று அடுக்கடுக்காக ஏறும். சுங்கத்துறை தடுத்து வைத்த சரக்குக்குக் காப்பாளர் வாடகையோ தேக்கக் கூலியோ வாங்கலாகாது என்று 2009ஆம் ஆண்டின் ஒழுங்குவிதி கூறுகின்றது. ஆயினும் அவ் விதியின் பொருள் என்ன, அது எவரைக் கட்டும் என்னும் வழக்குகள் அறமன்றப் படிகளில் ஏறி இறங்குகின்றன. வழக்காட வலிமை உள்ளவன் ஆடுவான். இல்லாதவன் கேட்டதைக் கொடுத்துப் பெட்டகத்தை மீட்பான்.

பெருநிறுவனத்துக்கு இது கணக்கில் ஒரு வரி. நம்பிக்கைக்குரிய வணிகர் என்று ஏற்பிசைவு தரும் முறையை 2011இல் தொடங்கி, 2016இல் மூன்று படிகளாக விரித்தது நடுவணரசு. அந்த இசைவு பெற்றவரின் பெட்டகம் குறைவாகவே நிறுத்தப்படும். ஆவணங்களை ஆண்டுக்கணக்கில் அடுக்கி வைத்துக் காட்டத் தனி அலுவலகமே வைத்திருக்கும் நிறுவனத்துக்கு அது எளிது. கரூரில் பத்துத் தறி வைத்திருப்பவனுக்கும், ஆம்பூரில் சிறு தோல்பட்டறை நடத்துபவனுக்கும் அது எட்டாக் கனி. ஆகவே நிறுத்தப்படும் பெட்டகம் பெரும்பாலும் எளியவன் பெட்டகமாகவே அமைகின்றது.

திருப்பூரைப் பாருங்கள். வெளிநாட்டு வணிகன் ஆடைக்குப் பருவம் குறித்துக் கொடுக்கின்றான். வெளியிலிருந்து வர வேண்டிய துணையுறுப்போ சாயப்பொருளோ துறைமுகத்தில் பத்து நாள் நின்றால், தையல் பத்து நாள் நிற்கும், கப்பல் தவறும், வானூர்தியில் அனுப்பு என்பான் வாங்குபவன். அந்த வானூர்திக் கட்டணம் ஆக்குநனின் ஊதியத்தை விழுங்கும். அவனும் தன் இழப்பைத் தையற்கூலியில் தேடுவான். தில்லியில் கணினி குறித்த ஓர் ஐயம், திருப்பூரில் ஒரு பெண்ணின் கிழமைக் கூலியில் போய் முடிகின்றது. அந்த ஐயம் சரியான ஐயமாயின் பொறுக்கலாம். பெட்டகத்தில் ஒன்றுமில்லை என்று கண்ட பின்னும் அச் செலவை அவனே ஏற்க வேண்டும் என்பது எந்த ஊர் முறை?

கணினியும் ஓர் இருக்கையும்

எதனைத் திறப்பது என்று குறிக்கும் இடர்மேலாண்மைக் கணினி முறை 2005 முதல் சுங்கத்துறையில் உள்ளது. 2020 சூன் 8இல் சென்னையிலும் பெங்களூரிலும் 'முகமறியா மதிப்பீடு' தொடங்கிற்று. அவ்வாண்டு இறுதிக்குள் இந்தியா முழுதும் பரவிற்று. சென்னையில் இறங்கும் சரக்கின் ஆவணத்தை வேறெங்கோ ஒரு துறைமுகத்து அலுவலர் மதிப்பிடுவார். வணிகனும் அவரும் ஒருவரையொருவர் காணார். கையூட்டை ஒழிக்கவே இது என்றனர். நோக்கம் தவறன்று, கையூட்டு ஒழிய வேண்டியதே. ஆனால் சென்னைச் சரக்கின் இயல்பறிந்த கண்ணை விலக்கிவிட்டு, அறியாக் கண்ணை அமர்த்துவது காப்பாகுமா? அத் திட்டங்களுக்கு வைத்த பெயரும் 'துரந்த்' என்னும் இந்திப் பெயர். விரைவு என்னும் சொல்லைக்கூடச் சென்னைத் துறைமுகத்தில் தமிழில் எழுத இவர்களுக்கு மனமில்லை.

2021ஆம் ஆண்டின் பெருந்துறைமுக ஆணையச் சட்டம் துறைமுகக் குழுவில் மாநில அரசுக்குக் கொடுத்த இருக்கை ஒன்று. தொடர்வண்டித் துறைக்கு ஒன்று. சுங்கத் துறைக்கு ஒன்று. மண்ணுக்கும் மக்களுக்கும் பொறுப்பான மாநில அரசுக்கும் ஒன்று! கடற்கரை முழுதும் தமிழனது, நாற்காலி ஒன்று.

வருவாயும் அவ்வாறே. சுங்க வரியின் மேல் 2018இல் குமுகாய நல மேல்வரி என்றும், 2021இல் வேளாண் கட்டமைப்புக் கூடுவரி என்றும் ஏற்றினர். இவ்விரண்டிலும் மாநிலங்களுக்குப் பங்கில்லை. பங்குள்ள வரிகளிலும் 15ஆம் நிதிக்குழு தமிழகத்துக்கு ஒதுக்கியது மாநிலங்களின் பங்கில் 4.079 விழுக்காடு. பெட்டகத்தின் புகையும் நெரிசலும் இடரும் முழுதாக இங்கே. பணம் மட்டும் பிரித்து இங்கே.

'சுங்கம் நாடு முழுமைக்கும் பொது. துறைக்கொரு விதி இருந்தால் கடத்தற்காரன் காவல் குறைந்த துறையைத் தேடுவான்' என்று ஒன்றியத்தார் மறுமொழி கூறுவர். இது புறந்தள்ளத்தக்க கூற்றன்று. தூத்துக்குடியில் இறங்கும் கொக்கேன் தூத்துக்குடியிலேயே தங்குவதில்லை. ஆனால் விதி பொதுவாக இருப்பதற்கும், அதனைச் செயற்படுத்தும் கை தொலைவில் இருப்பதற்கும் தொடர்பில்லை. உளவுச் செய்தி எல்லாத் துறைகளுக்கும் பொதுவாகட்டும். இடரைத் தாங்கும் மாநிலத்துக்கு, இடரை அறியவும், நிறுத்தவும், அகற்றவும் உரிமை வேண்டும். இதனால் எந்தக் கடத்தற்காரனுக்கு வழி திறக்கும்? ஒரு கண்ணுக்கு இரு கண் காவல் மிகுமேயன்றிக் குறையாது.

வேண்டுவன

தமிழகம் கேட்க வேண்டியவை இவை:

1. துறைமுகத்திலும் பெட்டக நிலையங்களிலும் உள்ள வெடிபொருள், நச்சுப்பொருள் ஒவ்வொன்றையும் மாநில அரசுக்கும், தீயணைப்புத் துறைக்கும், உள்ளாட்சிக்கும் உடனுக்குடன் தெரிவிக்கச் சட்டம் வேண்டும்.

2. கைப்பற்றிய இடர்ப்பொருளை வழக்கு முடியும்வரை மக்கள் நடுவே வைக்கலாகாது. குறித்த நாளுக்குள் அகற்றாவிட்டால் மாநில அரசே அகற்றும் உரிமை வேண்டும்.

3. திறந்து பார்த்துக் குற்றமில்லை என்று கண்ட சிறுவணிகன் பெட்டகத்துக்கு ஆன கூலியும் வாடகையும் தண்டமும் ஆணையிட்ட அரசையே சேர வேண்டும். ஐயத்தின் விலையைத் தானே கொடுக்க வேண்டியவன் கண்ணை மூடிக்கொண்டு ஐயுறமாட்டான்.

4. உளவுக்கும், படம் படிக்கும் பயிற்சிக்கும், ஊடுகதிர்க் கருவிக்கும் முதன்மை வேண்டும். அப் பணிகளில் தமிழறிந்தவரும் இத் துறைகளின் சரக்கறிந்தவரும் அமர வேண்டும்.

5. துறைமுகக் குழுவில் ஓர் இருக்கை என்னும் நிலை மாறி, இணையான பங்கு வேண்டும். கூடுவரியிலும் மேல்வரியிலும் கடற்கரை மாநிலத்துக்கு உரிய பகுதி வேண்டும்.

காப்பையும் செலவையும் காலத்தையும் சீர்தூக்கும் துலாக்கோல் என்று அறிஞர் பேசுகின்றனர். எந்தத் தட்டில் எதனை வைப்பது என்று ஆயிரம் கணக்குப் போடலாம். கோலைப் பிடித்திருக்கும் கைக்கு எடையின் வலி தெரியாதவரை அக் கணக்கு நேராகாது. மணலியில் வாழ்பவனுக்கு வலி தெரியும். திருப்பூரில் தைப்பவளுக்கு வலி தெரியும். கோல் அவர்கள் கையில் இல்லை.

1906இல் வ.உ.சிதம்பரனார் தூத்துக்குடியில் கப்பற் குழுமம் கண்டபோது, கடல்வழி எவர் கையில் இருக்கிறதோ அவர் கையிலேயே நாடும் இருக்கும் என்பதை உணர்ந்தே கண்டார். அதற்கு விலையாகச் சிறையில் செக்கிழுத்தார். இன்று அத் துறைமுகத்தின் பெயர்ப்பலகையில் அவர் பெயர் இருக்கின்றது. உள்ளே இறங்கும் ஒரு பெட்டகத்தைத் திறக்கவோ, தீங்கென்று அறிந்தால் அகற்றவோ அவர் மண்ணுக்கு உரிமை இல்லை. பெயர் கொடுத்ததோடு அமைதியடைய வேண்டும் என்று தில்லி கருதுகின்றது.

பெயர் போதாது. திறவுகோல் வேண்டும்!